எல்.கே.ஜி.க்கு முன்னால் டிபன் டப்பா

ஜூனில் எல்.கே.ஜி. சேரப்போகும் பிள்ளைக்கு இப்போதே ஏ, பி, சி, டி வேண்டாம். அதை டீச்சர் பார்த்துக்கொள்வார். டிபன் டப்பாவைத் திறக்கப் பழக்குங்கள். என் மகளுக்கு அழகான ஸ்டீல் டப்பா வாங்கினேன், இரண்டு பக்கமும் கிளிப். முதல் நாள் இட்லி அப்படியே திரும்பி வந்தது. அவளால் கிளிப்பை அசைக்கவே முடியவில்லையாம்! கடையிலேயே பிள்ளை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே, வீட்டில் அந்த டப்பாவில் இட்லியைத் துண்டாக்கி வைத்துக் கொடுங்கள். தானாகத் திறந்து சாப்பிடட்டும். சிந்தினால் சிந்தட்டும். தண்ணீர் பாட்டில் மூடியும் அப்படித்தான்.

அப்புறம், "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள். கூச்சப்பட்ட பிள்ளை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். எலாஸ்டிக் வைத்த டவுசர் என்றால் பாதி வேலை மிச்சம்.