கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்தப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுறா இல்லை, நம் வயிறுதான். சுறாவை நினைத்துப் பயந்து ராத்திரி தூங்காமல் வந்தவர்கள், கடைசியில் கூண்டுப் பக்கமே போகாமல் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தபடி கரை திரும்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். என் முதல் பயணமும் பாதி அப்படித்தான் போனது.

அதற்கு முன்னால் இடம். நான் போனது தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய். கேப் டவுனிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். எதிரே டயர் தீவு, பக்கத்திலேயே சீல்கள் கூட்டமாக வாழும் பாறைத்தீவு. அந்த சீல்களைத் தேடித்தான் சுறாக்கள் வரும். ஒரு காலத்தில் இங்கே வெள்ளைச் சுறா வராத நாளே அபூர்வம். 2017-இல் ஓர்கா திமிங்கிலங்கள் அவற்றைக் கொன்று ஈரலை மட்டும் தின்றுவிட்டுப் போக ஆரம்பித்தன, ஈரல் இல்லாத உடல்கள் கரை ஒதுங்கின, மிச்சமிருந்த சுறாக்கள் இடத்தைக் காலி செய்தன. இப்போது அங்கே அதிகம் வருவது செம்புச் சுறா. அதுவும் அழகுதான், ஆனால் நீங்கள் பணம் கட்டுவது வெள்ளைச் சுறாவுக்கு. அதனால் “சுறா வருமா?” என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார்கள். “போன இரண்டு வாரத்தில் எந்தச் சுறா, எத்தனை நாள் வந்தது?” என்று கேளுங்கள். வராவிட்டால் பணம் திரும்புமா, இன்னொரு பயணத்துக்குச் சீட்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு இடம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கனிலிருந்து போகும் நெப்டியூன் தீவுகள் இருக்கின்றன, பெரிய பெண் சுறாக்களை அங்கே குளிர்காலத்தில் பார்க்கலாம். மெக்சிகோவின் குவாடலூப் தீவைப் பற்றிப் பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், 2023-இல் அங்கே சுறாச் சுற்றுலாவையே மூடிவிட்டார்கள்.

சரி, வயிற்றுக்கு வருவோம். வாந்தி மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தில் தள்ளிவிடும் என்பதால், மருத்துவரிடம் கேட்டு, ஒரு நாள் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். முந்தின ராத்திரி மது வேண்டாம். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். படகு நகரும்போது பரவாயில்லை, நங்கூரம் போட்டு நின்றபிறகுதான் ஆட்டமே. போதாக்குறைக்கு, சுறாவை வரவழைக்க அரைத்த மீனையும் மீன் எண்ணெயையும் கலந்து கடலில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்த வாடை சும்மா இருக்கும் வயிற்றையும் கிளப்பிவிடும். காற்று வரும் பக்கமாக உட்கார்ந்து தொடுவானத்தையே பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

தண்ணீரில் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடைதான் வெட்சூட், அதன் ஜிப் பெரும்பாலும் முதுகுப் பக்கம் வரவேண்டும். முன்பக்கம் வைத்துப் போட்டுவிட்டு மூச்சு முட்டி நின்றவன் நான், தெரிந்தே சொல்கிறேன். கண்ணாடி போடுபவர்கள் கான்டாக்ட் லென்ஸ் கொண்டு போங்கள், முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி நுழையாது. அடர்ந்த மீசை இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள்.

கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டப்பட்டு, மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே நிற்கும். ஸ்கூபா சான்றிதழ் தேவையில்லை. தலையை வெளியே வைத்துக் காத்திருப்பீர்கள், மேலே நிற்பவர் “டவுன்! லெஃப்ட்!” என்று கத்தியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே அமிழ வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், முதல் அரை நிமிடம் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். அது அடங்கிய பிறகு நிதானமாக மூச்சை இழுத்துவிட்டு இறங்குங்கள். உள்பக்கக் கம்பியை மட்டும் பிடியுங்கள், விரலோ கால் நுனியோ கேமரா குச்சியோ வெளியே நீளக் கூடாது.

எல்லோரும் கயிற்றில் கட்டி மேலே மிதக்கவிட்ட இரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். சுறாவின் முதுகு சாம்பல் நிறம், கலங்கிய தண்ணீரோடு தண்ணீராக இருக்கும், பத்தடிக்குள் வந்த பிறகுதான் “அட, இது நிழல் இல்லையே” என்று உறைக்கும். அது வாயைத் திறக்கும் நொடியில் கண்ணைக் கவனியுங்கள்: விழி பின்னால் சுழன்று வெள்ளையாகிவிடும், இரை உதறும்போது கண்ணில் அடிபடாமலிருக்க அது செய்யும் ஏற்பாடு. சுறாவுக்குத் தீனி போடக் கூடாது என்பது அங்கே விதி, அதனால் கயிற்றைப் பிடித்திருப்பவர் இரையை வெடுக்கென்று இழுத்துவிடுவார். சில சமயம் சுறா முந்திவிடும். கூண்டில் லேசாக இடித்தால் பதறாதீர்கள். முதல் முறை இறங்கும்போது கேமராவையும் மேலேயே விட்டுவிடுங்கள், நான் திரையைப் பார்த்ததில் முதல் சுறாவின் வாலை மட்டும்தான் பார்த்தேன்.

ஏறியதும் தலையைத் துவட்டிக் காற்றுப்புகாத கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வெட்சூட்டைக் கழற்றிவிடாதீர்கள். அதற்குள் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கூண்டில் இடம் காலியாக இருக்கும். “இன்னொரு தடவை இறங்கட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள்.