பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுத பூஜை நெருங்கினால் சென்னையில் பல சின்ன ஆபீஸ்களில் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்கள் கீழே இறங்கிவிடும். அதிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கை முழுசாகக் காயலாங்கடையில் போட்டால் கைக்கு வருவது சொற்பம். பிரித்துப் போட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தக் கூடுதல் காசு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இறங்குவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அது தங்கத்தில் இல்லை. அடிப்பாகமாக இருக்கும் அந்தக் கனமான வார்ப்பு அலுமினியத்தில்தான் இருக்கிறது.

பிரிப்பதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. 'ஃபார்மேட் பண்ணியாச்சு, உள்ளே ஒன்றும் இல்லை' என்று நினைப்பது. சாதாரண ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கும். ஆதார் நகல், வங்கி விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் உள்ளே சுழலும் தகவல் தட்டின் மேல் அப்படியே இருக்கும். அடியிலுள்ள பச்சை போர்டைக் கழற்றினாலும் தகவல் போகாது. டிஸ்க் ஓடுகிறது என்றால் முழுவதையும் ஒரு முறை வேறு தகவலால் மேலெழுதி அழித்துவிடுங்கள். அப்புறம் அதை உடைக்கவே வேண்டாம், ரிச்சி தெருப் பக்கம் பழைய டிஸ்க்காக விற்றால் உலோக விலையைவிட நல்ல விலை வர வாய்ப்புண்டு. ஓடாத டிஸ்க்கைத்தான் பிரிக்க வேண்டும். உள்ளிருக்கும் தட்டுகளைச் சிதைக்காமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது.

அடுத்தது சுத்தியல். மூடியில் இருப்பவை ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் ஸ்க்ரூக்கள். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் டி8 அளவு பிட் (ஸ்க்ரூ டிரைவர் முனை) சரியாக இருக்கும், லேப்டாப் டிஸ்க்குக்கு அதைவிடச் சின்னது வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், அதற்கப்புறம் எந்தப் பிட்டும் பிடிக்காது. எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் மூடி வரவில்லையா? நெம்பாதீர்கள். லேபிளின் மேல் விரலை அழுத்தித் தடவிப் பாருங்கள், ஓரிடம் லேசாக உள்வாங்கும். அங்கே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

தட்டுகளை வளைத்து உடைப்பது ஆபத்தான பழக்கம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. பார்வைக்கு உலோகம் போலவே பளபளக்கும், வளைத்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். பெரிய டிஸ்க் என்றால் அலுமினியம்தான் என்றும் நம்ப முடியாது: 2000-இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கிலும் கண்ணாடித் தட்டுதான். எதுவானாலும் கெட்டியான துணிப்பையில் போட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பைக்கு மேலிருந்து அடியுங்கள்.

டிஸ்க்குக்குள் இருக்கும் காந்தத்தை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நியோடிமியம் காந்தம் அளவில் சின்னது, இழுப்பு பயங்கரம். இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் மாட்டினால் தோல் கிழியும், ரத்தம் கட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்தில் இதைக் கொண்டுபோகவே கூடாது. இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் நிக்கல் பூச்சு பெயர்ந்து துண்டு பறக்கும். தகட்டின் இரு முனைகளையும் இரண்டு குறடுகளால் பிடித்து மெதுவாகப் பின்னால் வளைத்தால் காந்தம் தானாக விட்டுவரும். பசை இளகட்டும் என்று சூடு காட்டினால் காந்த சக்தி குறைந்துவிடும். அறுப்பதும் துளையிடுவதும் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

பிரித்ததைச் சுத்தமாக வகைப்படுத்தாமல் கடைக்குக் கொண்டுபோனால் பட்ட பாடு வீண். அலுமினிய அடிப்பாகத்தில் மோட்டாரோ ஓர் இரும்பு ஸ்க்ரூவோ ஒட்டியிருந்தால் கடைக்காரர் கலப்பு என்று விலையைக் குறைப்பார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேல் மூடியில் இன்னொரு ஏமாற்றம். காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது அலுமினியமாகிவிடாது, எவர்சில்வரிலும் சில வகைகளில் காந்தம் ஒட்டாது. கத்தி முனையால் கீறிப் பாருங்கள். அலுமினியம் மெத்தென்று கீறுபடும்.

கடைசியாக, போர்டு. அதிலிருக்கும் தங்கம் மெல்லிய பூச்சு மட்டுமே. அதற்காக வீட்டில் ஆசிட்டில் ஊறவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது. எழும்பும் புகை நுரையீரலை அரிக்கும், மிச்சத் திரவம் சாக்கடை வழியாக நிலத்தில் இறங்கும். செம்புக்காகக் கம்பிச் சுருளை எரிப்பதும் அப்படித்தான், கிடைக்கும் செம்போ சில கிராம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சியைத் தொழிலாகச் செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். போர்டுகளை ஒரு பையில் சேர்த்துவைத்து, அப்படிப் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடுங்கள்.