கத்திரி வரட்டும், பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள்: சென்னையில் படிப்பவர்கள் ஏப்ரலிலேயே செய்துவிடும் தவறுகள்

சென்னைக்குப் படிக்க வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் விடுதி, அப்புறம் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனின் மேல்மாடி அறை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருவனுக்கு நீர்க்கடுப்பு, இன்னொருத்திக்கு வாந்தி மயக்கம், பக்கத்து அறைப் பையனுக்கு மூன்று நாளாகத் தூக்கம் கிடையாது. வருஷம் முழுக்கப் படித்ததை எழுத வேண்டிய நேரத்தில் இப்படிப் படுத்துக்கொள்வதைப் பார்க்கத் தாங்கவில்லை. இதில் பெரும்பாலானவை கொஞ்சம் முன்யோசனை இருந்தால் வராமலே போயிருக்கும்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான்: "இன்னும் கத்திரியே ஆரம்பிக்கலையே" என்று நினைப்பது. அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும், சரி. ஆனால் சூரியன் சென்னையின் உச்சிக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24 வாக்கில். அன்று நண்பகலில் நேராக நட்ட கம்புக்கு நிழலே விழாது, நிழல் இல்லா நாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த வாரத்தில் மதியம் 12 மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் தெரியும், சுவர், மரம் எல்லாவற்றின் நிழலும் அதனதன் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கும், ஒதுங்க இடம் இருக்காது. இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கமும் கத்திரிக் கணக்கு உதவாது: நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சபட்ச வெப்பம் 45 டிகிரி, அது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். மார்ச் முழுக்க ஏசி லேபில் உட்கார்ந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பகல் 11 மணிக்கு மைதானத்தில் இறங்கி நாலு மணி நேரம் கிரிக்கெட் ஆடுபவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். காலை ஆறரைக்கு ஆடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல்.

அடுத்து, வேலூர், திருச்சி, கரூர் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் சொல்வது: "எங்க ஊர்ல 41 பாத்தவன் நான், இங்க வெறும் 36 தானே." அந்த 36 வேறு 36. வேர்வை வருவதால் மட்டும் உடம்பு குளிராது, அது உலர வேண்டும், உலரும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே வேர்வை உலராமல் சட்டையிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் புழுக்கம் என்கிறோம். மண்பானைத் தண்ணீர் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் ஜில்லென்று இருப்பதும் இங்கே அவ்வளவாகக் குளிராததும் இதே காரணத்தால்தான். அதனால் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போனில் அதன் பக்கத்திலேயே உடம்புக்கு எவ்வளவு தெரியும் என்று இன்னொரு எண் காட்டும், அதைப் பாருங்கள்.

கடல் காற்றையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், மேலே எழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். நல்ல நாளில் மதியத்தை ஒட்டியே வந்துவிடும், திருவல்லிக்கேணி, பெசன்ட் நகருக்கு முதலில், தாம்பரம், பூந்தமல்லிக்குத் தாமதமாக. ஆனால் மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் நாட்களில் அது கடல் காற்றை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நாட்கள்தான் கொளுத்தும். காலை பத்தரைக்கே அனல் காற்று முகத்தில் அடித்தால், "நேத்து சமாளிச்சோமே" என்று அன்றைக்கும் வெளியே சுற்றக் கிளம்பாதீர்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் குடிப்பதில்லை. ஏன்? நிறைய பேருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, காரணம் கழிப்பறை. கல்லூரிக் கழிப்பறை சுத்தமாக இருக்காது, லோக்கல் ட்ரெயினில் ஒரு மணி நேரம் வர வேண்டும், அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள். சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும், எரியும், அதையும் பொறுத்துக்கொண்டால் தொற்று வரும். எரிச்சலோடு காய்ச்சலோ முதுகுவலியோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள், காசு இல்லை என்றால் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். கழிப்பறை சுத்தமாக இல்லை என்றால் அதை வகுப்புப் பிரதிநிதி மூலம் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தாகத்தோடு இருப்பதற்கு யாரும் கல்லூரிக்கு வரவில்லை.

எவ்வளவு குடிப்பது என்று லிட்டர் கணக்கு போட்டுக் குழம்ப வேண்டாம். சிறுநீர் வெளிர் நிறமாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள், அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை, அவ்வளவுதான். அறையில் 20 லிட்டர் கேனை பால்கனி வெயிலில் வைக்காமல் உள்ளே நிழலில் வையுங்கள்.

ஓஆர்எஸ் பவுடரில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பெரிய பாக்கெட், ஏறக்குறைய 20 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் முழுதாகக் கொட்டிக் கலக்கி ஒரே மூச்சில் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு அளவுக்கு மீறிப் போனால் அது உதவாது, கெடுதல்தான் செய்யும். ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும் போதும், தலைதட்டி அளக்க வேண்டும். கூல் டிரிங்ஸ் இதற்கு மாற்று ஆகாது, அதில் சர்க்கரைதான் நிறைய. மோர், கம்பங்கூழ், இளநீர், இளசாகப் பார்த்து நுங்கு, இவை நம் தெருமுனையிலேயே கிடைக்கின்றன. ரோட்டோரம் ஜூஸ் குடித்தால் ஐஸ் போடாமல் கேளுங்கள், பல நேரம் கெடுதல் பழத்தில் இருப்பதில்லை, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத அந்தக் கட்டியில் இருக்கிறது.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம். காலை ஏழு மணிக்குச் சூடாக டிபன் பாக்ஸில் அடைத்த தேங்காய்ச் சட்னியும் தயிர் சாதமும் பையில் ஏழு மணி நேரம் கிடந்து மதியம் இரண்டு மணிக்குத் திறந்தால் புளித்திருக்கும். நன்றாக ஆறவிட்டு மூடுங்கள், தேங்காயைத் தவிருங்கள், எலுமிச்சை சாதமோ புளி சாதமோ தாங்கும்.

அறை. மேல்மாடி அறை வாடகை குறைவு என்று ஜனவரியில் சந்தோஷமாக எடுத்திருப்பீர்கள், ஏப்ரலில்தான் காரணம் புரியும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, ராத்திரி அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும், 11 மணிக்குச் சுவரைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும், ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி மேலே கொட்டும். இங்கேதான் மாணவர்கள் செய்யும் தவறு: "ராத்திரிதான் கூலா இருக்கும், விடிய விடியப் படிக்கலாம்" என்று திட்டம் போடுவது. சென்னையில் ஏப்ரல் ராத்திரி, மேல்மாடியில், நடுச்சாமம் வரை குளிராது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை வேர்த்து விறுவிறுத்துப் படித்தது மண்டையில் ஏறாது, விடியற்காலையில் கொஞ்சம் இதமாக இருக்கும்போது அசந்து தூங்கிவிட்டு, எட்டு மணிக்குத் தலைவலியோடு எழுந்திருப்பீர்கள். கூரை குளிர்ந்திருக்கும் நாலரை முதல் எட்டு வரைதான் தலை தெளிவாக வேலை செய்யும் நேரம், அதைப் படிப்புக்கு வைத்துக்கொண்டு, ராத்திரி பதினொன்றுக்குள் படுத்துவிட முயலுங்கள். எனக்கு இது பழக இரண்டு செமஸ்டர் ஆனது, ஆனால் பழகிய பிறகு மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரிந்தது.

படுப்பதற்கு மொட்டை மாடி நல்ல இடம்தான், கைப்பிடிச் சுவர் இருந்தால் மட்டும், கொசுவலையோடு. துணி அலசிய தண்ணீரைச் சாயங்காலம் மாடியில் ஊற்றினால் கூரைச் சூடு கொஞ்சம் தணியும். நல்ல தண்ணீரை அப்படி ஊற்றாதீர்கள், 2019 கோடையில் இந்த ஊரின் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு ஜனங்கள் காத்துக் கிடந்ததை நாம் மறக்கக் கூடாது. மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும், ராத்திரியே ஒரு வாளி பிடித்துத் தரையில் வைத்துவிட்டால் காலையில் குளிக்க இதமாக இருக்கும்.

பகலில் படிக்க அறையிலேயே கிடந்து வேக வேண்டிய அவசியம் இல்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2010-இல் திறந்தது, குளிர்சாதன வசதியோடு, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியும் உண்டு. எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூலகம் உண்டு. தேர்வு நேரத்தில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் உள்ளே போய், கடல் காற்று வந்த பிறகு வெளியே வந்தால் பாதிக் கோடை கடந்த மாதிரி.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு என்றால் பன்னிரண்டரைக்குக் கிளம்பிக் கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகாதீர்கள். பதினொன்றுக்குள் போய்ச் சேர்ந்து, கல்லூரியிலேயே மர நிழலில் உட்கார்ந்து, ஒரு மோர் குடித்துவிட்டு உள்ளே போங்கள். ஹால் டிக்கெட் வேர்வையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். அப்புறம் குடை. பையன்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுகிறார்கள், எதற்கென்று எனக்குப் புரியவே இல்லை, மழைக்குப் பிடிக்கிற அதே குடைதான்.

கூட இருப்பவர் தலைசுற்றுகிறது என்றால் நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுங்கள். ஆனால் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் உளறினால் அது வெறும் மயக்கம் இல்லை. வேர்த்துக்கொண்டிருந்தாலும் சரி, வேர்வை நின்றுபோயிருந்தாலும் சரி, உடனே 108. வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கடைசித் தேர்வு முடிந்த சாயங்காலம் எல்லாரும் மெரினாவுக்குப் போவோம், போக வேண்டியதுதான். ஆனால் கடலில் இறங்காதீர்கள். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை, அங்கே கரையை விட்டுச் சில அடியிலேயே ஆழம், கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும்போது ஆளையே சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அந்த இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். எப்போதாவது மாட்டிக்கொண்டால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கூட வந்தவன் இழுத்துக்கொண்டு போனால் கைகோத்துச் சங்கிலி போட்டு இறங்காதீர்கள், மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு மீனவர்களையோ உயிர்காப்பாளர்களையோ கூப்பிடுங்கள். ஒருவன் பின்னால் மூன்று பேர் போன வீடுகள் இருக்கின்றன.

ஊருக்குக் கிளம்புவது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, தேர்வு அட்டவணை வந்த அன்றே கணக்குப் போட்டு வையுங்கள், நெல்லை, பாண்டியன் எல்லாம் மே மாதத்துக்கு உடனே காலியாகிவிடும். பஸ் என்றால், தென் மாவட்டங்களுக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து என்பதை மறந்து இன்றைக்கும் பெட்டியோடு கோயம்பேட்டில் போய் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். வடசென்னையிலிருந்து கிளாம்பாக்கம் போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அறையைப் பூட்டுமுன் பிளக்குகளைப் பிடுங்கி, வாளி, குடம், கூலர் எல்லாவற்றிலும் உள்ள தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், நீங்கள் ஊரில் இருக்கும் ஒன்றரை மாதத்தில் பக்கத்து அறையில் தங்கிவிட்டவனை அது கடிக்கும். அறையையே காலி செய்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே ஓனருக்கு எழுத்தில் சொல்லிவிட்டு, மின் மீட்டர் அளவையும் நாலு சுவர்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். அட்வான்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.