மும்பை லோக்கல்: ஏறுறதுக்கு முன்னாடியே இறங்குறத பத்தி யோசிங்க

மும்பைல வேலை கிடைச்சு வர்ற நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறது "லோக்கல் ட்ரெயின்ல எப்படிங்க ஏறுறது"ன்னுதான். பீக் டைம்ல கதவு வர்ற இடத்துல நின்னாலே போதும், பின்னாடி இருக்குற கூட்டமே உங்கள உள்ள கொண்டுபோய் விட்டுடும். கஷ்டம் இறங்குறதுல இருக்கு. வந்த முதல் வாரம் சர்ச்கேட்ல ஏறி தாதர்ல இறங்க வேண்டிய நான், உள்ள போய் ஃபேன் காத்துல நின்னுட்டு, தாதர் வந்தப்புறம் கதவு பக்கம் நகர பாத்தேன், ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியல, வண்டி பாந்த்ரா போயிடுச்சு. பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் "தம்பி தமிழா? தாதர்ல இறங்கணும்னா மும்பை சென்ட்ரல் தாண்டுனதுமே கதவு கிட்ட வந்துடணும்பா"ன்னு சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் நான் புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்றது அதேதான்.

முதல்ல லைன் புரியணும். வெஸ்டர்ன் சர்ச்கேட்ல ஆரம்பிச்சு விரார், தகானு ரோடு வரைக்கும் போகுது. சென்ட்ரல் சிஎஸ்எம்டில (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஆரம்பிச்சு கல்யாண் போய் அங்க ரெண்டா பிரியும், ஒண்ணு கசாரா பக்கம், இன்னொண்ணு கர்ஜத், கோபோலி பக்கம். ஹார்பர் சிஎஸ்எம்டில இருந்து வடாலா, குர்லா, வாஷி வழியா பன்வேல், வடாலால இருந்து ஒரு கிளை அந்தேரி, கோரேகாவ் பக்கமும் போகுது. இதுல புதுசா வர்றவங்க மாட்டிக்கிற இடம், மும்பை சென்ட்ரல்ங்கிற ஸ்டேஷன் சென்ட்ரல் லைன்ல இல்ல, வெஸ்டர்ன்ல இருக்கு. அதே மாதிரி மாட்டுங்கா சென்ட்ரல்ல, மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன்ல. ரூம் அட்ரஸ் சொல்றவங்க கிட்ட எந்த லைன்னு கேட்டுக்கோங்க. ஊர்ல இருந்து லோக்மான்ய திலக் டெர்மினஸ்ல வந்து இறங்குறீங்கன்னா பக்கத்துலயே ஹார்பர் லைன் திலக் நகர் ஸ்டேஷன் இருக்கு.

லைன் மாத்துறதுக்கு தாதர்தான் முக்கியம், வெஸ்டர்னும் சென்ட்ரலும் பாலத்துல சேருது. முன்னாடி ரெண்டு பக்கமும் தனித்தனியா நம்பர் போட்டு குழப்பமா இருக்கும், 2023 டிசம்பர்ல மாத்திட்டாங்க, 1ல இருந்து 7 வரைக்கும் வெஸ்டர்ன், 8ல இருந்து சென்ட்ரல்.

டிக்கெட்டுக்கு க்யூல நிக்காதீங்க, மொபைல் ஆப்லயே எடுத்துடலாம், தினமும் போறவங்க மாச பாஸ் எடுத்துடுங்க, ரொம்ப மலிவு. செகண்ட் க்ளாஸ்ல குறைஞ்ச டிக்கெட்டே 5 ரூபாதான், டிக்கெட் இல்லாம மாட்டுனா 250 ரூபா ஃபைன், அதோட டிக்கெட் காசும் சேத்து கட்டணும். ஒரு பெட்டி மட்டும் காலியா தெரியுதேன்னு ஓடிப்போய் ஏறாதீங்க, அது ஃபர்ஸ்ட் க்ளாஸா இருக்கும், இல்ல மாற்றுத்திறனாளிங்க பெட்டியா இருக்கும், லேடீஸ் பெட்டியாவும் இருக்கலாம். வெளில போட்டிருக்குற கோடும் எழுத்தும் பாத்துட்டு ஏறுங்க.

ப்ளாட்ஃபார்ம்ல தொங்குற இண்டிகேட்டர்ல போற ஊரோட எழுத்து, ஸ்லோவா ஃபாஸ்ட்டா, 12 பெட்டியா 15 பெட்டியா எல்லாம் இருக்கும். என்னன்னா, எழுத்து பாத்து ஊர் கண்டுபிடிக்க கத்துக்கணும், சென்ட்ரல்ல என்-னு போட்டா கசாரா, எஸ்-னு போட்டா கர்ஜத். எஸ் ஸ்லோவுக்கும் வரும், அதனால அந்த எழுத்து ஊர் போடுற இடத்துல இருக்கா, ஸ்லோ ஃபாஸ்ட் போடுற இடத்துல இருக்கான்னு பாருங்க. ஃபாஸ்ட்ல ஏறிட்டு சின்ன ஸ்டேஷன்ல நிக்கும்னு எதிர்பாக்காதீங்க. போரிவலி போறவங்க சாயங்காலம் விரார் ஃபாஸ்ட்ல ஏறவே ஏறாதீங்க, அந்த கூட்டத்துல பாதி வழில இறங்குறது உங்களுக்கும் கஷ்டம், விரார் வரைக்கும் ட்ராவல் பண்றவங்களுக்கும் கோவம் வரும், போரிவலி வண்டியே தனியா இருக்கு.

இப்போ இறங்குற விஷயம். ஏறுறதுக்கு முன்னாடியே ரெண்டு தெரிஞ்சுக்கணும், உங்க ஸ்டேஷன்ல ப்ளாட்ஃபார்ம் எந்த பக்கம் வரும், பாலம் எந்த பெட்டிக்கு நேரா வரும். ஏறுனதும் முன்னாடி நிக்கிறவர் கிட்ட "தாதர் உதர்னா ஹை க்யா?" (தாதர்ல இறங்கணுமா?)ன்னு கேளுங்க. ஆமான்னா அவர் பின்னாடியே நின்னுக்கோங்க, இல்லன்னா அவரே தோள ஒரு பக்கமா திருப்பி வழி விடுவாரு, நீங்க ஒருக்களிச்சு அவர தாண்டி முன்னாடி போயிடணும். கதவு வரைக்கும் இப்படியே ஒருத்தர் ஒருத்தரா கேட்டு கேட்டு ஒரு வரிசை உருவாகும், வார்த்தையே இல்லாம, ஒரு கை தோள்ல லேசா தட்டும், இவர் தலைய ஆட்டுவாரு, அவ்ளோதான். வண்டி அரை நிமிஷம் கூட நிக்காது, ஆனா அந்த வரிசைல இருந்தா கண்டிப்பா இறங்கிடுவீங்க.

பைய முன்னாடி மாட்டுங்க. கதவு ஓரத்துல நின்னு போன் நோண்டாதீங்க, ட்ராக் ஓரமா நின்னு கைல அடிச்சு போன கீழ விழ வச்சு எடுத்துட்டு போறவங்க இருக்காங்க. அதுக்காக எட்டிப் பிடிக்க குதிச்சவங்கள நினைச்சா மனசு பதறுது, போன் போனா போகட்டும் விட்டுடுங்க. ஃபுட்போர்டுல தொங்கவே தொங்காதீங்க. 2025 ஜூன் 9 காலைல மும்ப்ரா கிட்ட ரெண்டு வண்டி எதிரெதிரா போறப்ப கதவுல தொங்கிட்டு வந்தவங்க கீழ விழுந்து சிலருக்கு உயிரே போச்சு, எல்லாருமே ஆபீஸ் டைம்ல போற நம்மள மாதிரி ஆளுங்க. நாலு நிமிஷத்துல அடுத்த வண்டி வரும், விட்டுடுங்க.

பொண்ணுங்களுக்கு ஒண்ணு, எல்லா லேடீஸ் பெட்டியும் நாள் முழுக்க லேடீஸுக்கு கிடையாது, ராத்திரி லேட்டா வர்றவங்க 24 மணி நேரம்னு எழுதியிருக்குற பெட்டி எங்க வருதுன்னு பாத்து வச்சுக்கோங்க. பிரச்சனைன்னா 1512க்கு கூப்பிடுங்க, ரயில்வே போலீஸ் நம்பர்.

காலைல 8ல இருந்து 11 சர்ச்கேட், சிஎஸ்எம்டி பக்கம் போற வண்டியும், சாயங்காலம் 5ல இருந்து 9 திரும்பி வர்ற வண்டியும் நெரியும், எதிர் பக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம். ஞாயித்துக்கிழமை ட்ராக் வேலைக்காக மெகா ப்ளாக் போடுவாங்க, அதாவது சில மணி நேரத்துக்கு சில வண்டிய நிறுத்திடுவாங்க, இல்ல மாத்தி விடுவாங்க, சனிக்கிழமை ராத்திரியே பாத்து வச்சுக்கோங்க. கடும் மழைல சயான், குர்லா பக்கம் ட்ராக்ல தண்ணி நிக்கும், அன்னைக்கு சீக்கிரமே கிளம்பிடுங்க, நடுவுல வண்டி நின்னா கீழ இறங்கி ட்ராக்ல நடக்க ஆரம்பிக்காம அனௌன்ஸ்மென்ட் வர்ற வரைக்கும் உள்ளயே இருங்க. ராத்திரி 1 மணிக்கு மேல விடியக்காலை 4 மணி வாக்குல வரைக்கும் வண்டி கிடையாது, சினிமா, பார்ட்டின்னு போறவங்க கடைசி வண்டி டைம் பாத்துட்டு கிளம்புங்க.