சாரல் நேரத்தில் வீட்டிலேயே சுகர் பார்ப்பது எப்படி?

போன ஆனியில் செங்கோட்டை வீட்டில் அத்தை பலாச்சுளை உரித்த கையோடு விரலைக் குத்திக்கொண்டார். மெஷின் 268 என்றது. "ஒரு சுளைகூட வாயில வைக்கலையேய்யா!" என்று அழாத குறை. சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பார்த்தோம்: 151. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றையும் சேர்த்து அளந்திருக்கிறது.

அதனால் முதல் வேலை கை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் ரத்தம் சுலபமாக வரும். ஈரம் போகத் துடையுங்கள். ஈர விரலில் சொட்டு நீர்த்துப்போய் அளவு குறைவாகக் காட்டலாம்.

அடுத்து ஸ்ட்ரிப், அதாவது ரத்தச் சொட்டை வாங்க மெஷினில் சொருகும் சின்னப் பட்டை. ஒன்றை எடுத்ததும் டப்பாவை இறுக மூடிவிடுங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாரல் காற்று உப்பு ஜாடியையே கசிய வைக்கும், ஸ்ட்ரிப்பில் தடவிய நொதியை விட்டுவைக்குமா? அதற்காக ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஸ்ட்ரிப்பைச் சொருகியதும் திரையில் சொட்டுப் படம் வரும். இப்போது குத்தலாம். விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் வலி குறைவு. கையைச் சற்றுத் தொங்கவிட்டு மெதுவாக நீவுங்கள். அழுத்திப் பிதுக்கினால் திசு நீர் கலந்துவிடும். சொட்டை ஸ்ட்ரிப்பின் நுனியில் தொட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

ஊசி ஒரு தடவைக்குத்தான். வீட்டில் இரண்டு பேருக்கு சுகர் இருந்தாலும் குத்தும் பேனா தனித்தனி. பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

சரி, எவ்வளவு இருக்கலாம்? பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள். வயதானவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்லலாம். அந்த இரண்டு மணி நேரத்தை பார்டர் புரோட்டாவின் முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல.

70க்குக் கீழே போனால் தாமதிக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

நேரம், அளவு, சாப்பிட்டது மூன்றையும் குறித்து வையுங்கள், டாக்டர் கேட்பார். அத்தை மாதக் காலண்டரில் எழுதுகிறார். அந்த 268ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பலா' என்று எழுதியிருக்கிறார்.