பீர் பிரெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு பாட்டில் பீர், உருக்கிய வெண்ணெய் ஆகியவை இருந்தால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் வீட்டிலேயே ஒரு முழு பிரெட்டைச் சுட்டு எடுத்துவிடலாம். ஈஸ்ட் சேர்த்து மாவைப் பொங்க வைக்கும் வேலை கிடையாது, கை வலிக்கப் பிசையும் வேலையும் கிடையாது. அப்படியிருந்தும் முதன்முறை செய்பவர்களில் பலருக்கு இது சரியாக வருவதில்லை. நான் முதலில் சுட்ட பிரெட் டின்னின் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை; குறுக்கே வெட்டியபோது உள்ளே துளைகளே இல்லாமல், சோப்புக் கட்டியை அறுத்தது போல வழவழப்பாக இருந்தது. பீரில்தான் நுரை இருக்கிறதே, அதுவே மாவை உப்ப வைத்துவிடும் என்று நம்பி, வெறும் மைதாவில் பீரை ஊற்றிக் கலந்து ஓவனில் வைத்திருந்தேன். இந்தப் பண்டத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, இல்லாத வேலையைப் பீரின் தலையில் கட்டுவதால் வருபவை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பீர் காய்ச்சும்போது ஈஸ்ட் பயன்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான பீர்கள் வடிகட்டப்பட்டோ சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டோ வருவதால், அவற்றில் உயிருள்ள ஈஸ்ட் ஏறக்குறைய இருப்பதே இல்லை. அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்திருக்கும் சில வகைப் பீர்களை எடுத்துக்கொண்டாலும், அந்த ஈஸ்ட் மாவைப் பொங்க வைக்கப் பல மணி நேரம் தேவைப்படும். நாமோ கலந்த ஐந்தாவது நிமிடத்தில் டின்னை ஓவனுக்குள் தள்ளிவிடுகிறோம். பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் ஊற்றும்போதும் கலக்கும்போதும் பெருமளவு வெளியேறிவிடுகிறது, எஞ்சியிருக்கும் சிறு பங்கு மாவைக் கொஞ்சம் இலகுவாக்க மட்டுமே உதவும். நுரை அடங்கிப்போன பீரில்கூட, பேக்கிங் பவுடர் சரியாக இருந்தால் பிரெட் எழும்பிவிடும். சற்று அடர்த்தியாக வரும், அவ்வளவுதான். பேக்கிங் பவுடர் இல்லாவிட்டால் அப்போதுதான் திறந்த பீரை ஊற்றினாலும் எழும்பாது.

இங்கிருந்துதான் மாவு பற்றிய குழப்பமும் தொடங்குகிறது. ஆங்கிலச் செய்முறைகள் பலவற்றில் ‘செல்ஃப் ரைசிங் மாவு 3 கப்’ என்று மட்டும் எழுதியிருக்கும், பேக்கிங் பவுடரைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. 1845-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் என்ற பேக்கரிக்காரர் காப்புரிமை பெற்ற இந்த வகை மாவில், உப்ப வைக்கும் பொருள் முன்கூட்டியே கலக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாகச் சாதாரண மைதாவை அதே அளவில் போட்டால், கல் போன்ற கட்டிதான் மிஞ்சும். 375 கிராம் மைதாவுக்குத் தட்டையாக வழித்த 4 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: செல்ஃப் ரைசிங் மாவையே எடுத்துக்கொண்டு, இருக்கட்டும் என்று இன்னும் ஒரு கரண்டி பேக்கிங் பவுடரைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரெட் ஓவனுக்குள் வேகமாக எழுந்து, உட்பகுதி வெந்து இறுகுவதற்குள் நடுவில் அமுங்கிவிடும். நாக்கில் ஓர் உலோகச் சுவையும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் விற்கும் செல்ஃப் ரைசிங் மாவில் உப்பும் சேர்ந்தே இருக்கும், பிரிட்டன் மாவில் பொதுவாக இருக்காது. எனவே பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் உப்பு போடக் கூடாது.

பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சோடா அதே அளவு பேக்கிங் பவுடரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வீரியமுள்ளது, வேலை செய்ய அமிலமும் தேவை. பீரில் லேசான அமிலத்தன்மை இருந்தாலும் நான்கு கரண்டி சோடாவைச் சமன் செய்ய அது போதவே போதாது. மிஞ்சிய சோடா பிரெட்டைக் கரும்பழுப்பாக்கி, சோப்பு போன்ற கசப்பையும் கொடுக்கும். நெடுநாள் திறந்தே கிடந்த பேக்கிங் பவுடரும் ஏமாற்றிவிடும். அரைத் தேக்கரண்டி பவுடரில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றினால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி மட்டும் வந்தால் அந்த டப்பாவை மாற்றிவிடுவது நல்லது.

அளவுகளில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழைவது. மாவு டப்பாவுக்குள் கப்பை நேராக அமுக்கி அள்ளினால் ஒரு கப்பில் 150 கிராம் வரை அடைந்துவிடும். கரண்டியால் அள்ளி கப்பில் தளர்வாக நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம்தான் இருக்கும். மூன்று கப்புக்கு இந்த வித்தியாசம் 75 கிராமுக்கு மேல் போகிறது, வறண்டு உதிர்ந்துபோகும் பிரெட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும். கப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றாக இல்லை. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. மேசைக்கரண்டியோ அமெரிக்காவில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. பேக்கிங் பவுடரை மேசைக்கரண்டியில் சொல்லும் செய்முறையை, அது எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் பின்பற்றுவது ஆபத்து. எல்லாவற்றையும்விட மோசமாக ஏமாற்றுவது ‘ஒரு பாட்டில் பீர்’ என்ற வரிதான். அமெரிக்கச் செய்முறையில் அதன் பொருள் 355 மில்லி, ஐரோப்பியச் செய்முறையில் பெரும்பாலும் 330 மில்லி. இந்த இரண்டில் எதை ஊற்றினாலும் 375 கிராம் மாவுக்குச் சரியாக இருக்கும். கையில் இருப்பது 500 அல்லது 650 மில்லி பாட்டில் என்றால், முழுவதையும் ஊற்றியவுடன் கலவை தோசை மாவு போல நீர்த்துவிடும், எவ்வளவு நேரம் சுட்டாலும் நடுப்பகுதி வேகாது. பீரை அளவுக் குவளையில் அளப்பவர்கள் நுரை முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து அளக்க வேண்டும், இல்லையென்றால் நுரையையும் சேர்த்து அளந்துவிட்டு, கலவை ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று குழம்ப நேரிடும். சமையலறைத் தராசு இருந்தால் கவலையே இல்லை, 330 மில்லி பீரின் எடை ஏறக்குறைய 330 கிராம்தான்.

கலக்கும் விஷயத்துக்கு வருவோம். நல்ல எண்ணத்தோடு உழைப்பவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். மைதாவில் ஈரம் பட்டதுமே அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி குளூட்டன் என்ற வலையாக மாறத் தொடங்குகின்றன, கிண்டக் கிண்ட அந்த வலை இறுகுகிறது. ஈஸ்ட் பிரெட்டுக்கு அந்த இறுக்கம் தேவை. அங்கே வாயு மெதுவாக, மணிக்கணக்கில் உருவாகிறது. இங்கே வாயு சில நிமிடங்களில் வெளியேறிவிடுவதால், இறுகிய வலையைத் தள்ளிக்கொண்டு அது மேலே எழ முடியாமல் நீண்ட குகைகள் போன்ற ஓட்டைகளைப் போட்டுவிடுகிறது, மீதிப் பகுதி ரப்பர் போல ஆகிவிடுகிறது. ஆகவே உலர்ந்த பொருள்களை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நன்றாகக் கலந்துகொள்ளலாம். பீரை ஊற்றிய பிறகு மரக்கரண்டியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டி, பதினைந்து இருபது புரட்டலுக்குள் முடித்துவிட வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்தைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்: கிண்ணத்தின் அடியில் வெள்ளை மாவுக் கோடு கடைசியாக மறையும் அந்தக் கணம்தான் அது. அப்போது கலவை சொரசொரப்பாக, இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து வழியாமல் பொத்தென்று விழுவதாக இருக்கும். சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் அங்கங்கே தெரியும். அந்தக் கட்டிகளைப் பார்த்ததும் கை பரபரக்கும், உடைக்க வேண்டாம். டின்னில் வேகும்போது அவை தாமாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். பீட்டர், மிக்ஸி எதையும் இதன் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

கலந்தபின் காத்திருக்கவும் கூடாது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் ஒரு முறையும், சூடு ஏறும்போது மறுமுறையும் வாயுவை வெளியிடுகிறது. கலவையை மேடைமீது வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் முதல் பங்கு வீணாகிவிடும். எனவே மாவில் பீரை ஊற்றும் முன்பே ஓவன் 190 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும், டின்னும் வெண்ணெய் தடவித் தயாராக இருக்க வேண்டும்.

எந்தப் பீர் என்பது சுவையைப் பொறுத்தது, ஆனாலும் அதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பீரின் கசப்பு ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வருகிறது. அந்தக் கசப்புப் பொருள்கள் சூட்டில் ஆவியாவதில்லை, தண்ணீர் ஆவியாகும்போது அவை மாவிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் குடிக்கும்போது ரசிக்கத்தக்கதாக இருக்கும், ஹாப்ஸ் அதிகம் சேர்த்துக் காய்ச்சும் ஐபிஏ வகைப் பீரின் கசப்பு, பிரெட்டில் மருந்து போலத் தொண்டையில் நிற்கும். சாதாரண லாகர், கோதுமைப் பீர் இரண்டும் பாதுகாப்பான தேர்வுகள். கறுப்பு நிற ஸ்டவுட் வறுத்த காபி போன்ற மணத்தைத் தரும்; அதற்கு 2 மேசைக்கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் 3 போட்டு, வெல்லமோ தேனோ கொஞ்சம் கலந்தால் மிகவும் பொருந்தி வரும், என்னுடைய விருப்பமும் அதுதான். சர்க்கரையை முற்றிலும் விட்டுவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கசப்பைச் சமன் செய்யவும் மேலோடு சிவக்கவும் அது வேண்டும்.

வெந்ததும் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, கலவைக்குள் சேர்த்து அரை மணி நேரம் சுட்ட பண்டத்தில் 35 சதவீத மதுவும், ஒரு மணி நேரம் சுட்டதில் 25 சதவீதமும் எஞ்சுகின்றன. 5 சதவீத மது கொண்ட 330 மில்லி பீரில் 16.5 மில்லி மது இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும், பத்துத் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் அரை மில்லி அளவுதான் இருக்கும். அளவு சிறியதுதான். ஆனால் மதுவை முற்றிலும் விலக்கியவர்களுக்கும், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கும், கருவுற்றிருக்கும் பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிப் பரிமாறுவது நேர்மையாகாது. அவர்களுக்காகச் செய்யும்போது அதே அளவு சோடா நீரையோ, மது இல்லாத இஞ்சிக் குளிர்பானமான ஜிஞ்சர் ஏலையோ ஊற்றிக்கொள்ளலாம். பிரெட்டை எழுப்புவது பீர் அல்ல என்பதால் உயரம் குறையாது, மணம் மட்டும் மாறும். ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பவற்றிலும் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை மது இருக்கலாம் என்பதால் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.

உருக்கிய வெண்ணெயைச் சுடுவதற்கு முன் மேலே ஊற்றுவதுதான் இந்த பிரெட்டின் தனி அழகு. ஓடு வெடிக்கும் இடங்களில் அது இறங்கி மொறுமொறுவென்று சிவக்கும். ஆனால் 60 கிராம் வெண்ணெயையும் விளிம்பு வரை நிறைந்த டின்னில் ஊற்றினால், மாவு எழும்போது வெண்ணெய் வழிந்து ஓவன் அடியில் கருகிப் புகையும். 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள டின்னை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், பாதி வெண்ணெயை மாவிலேயே கலந்து, மீதியை மேலே ஊற்றி, டின்னுக்கு அடியில் ஒரு தட்டையும் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. முதல் அரை மணி நேரம் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது.

வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்வது தவறு, ஏனெனில் வெண்ணெயும் சர்க்கரையும் மேலோட்டை முன்கூட்டியே சிவக்க வைத்துவிடும். 45 நிமிடத்துக்குப் பிறகு நடுவில் ஒரு மெல்லிய குச்சியை அடிவரை செருகி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. வெப்பமானி இருந்தால் உட்பகுதி 93 முதல் 96 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். மேலே மட்டும் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவிட்டுத் தொடரலாம்.

எடுத்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்ற வேண்டும். டின்னிலேயே கிடந்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடி நசநசத்துப் போகும். சூடாக இருக்கும்போதே வெட்டத் தோன்றுவது இயல்புதான், வீடு முழுக்க அந்த மணம் பரவியிருக்கும்போது பொறுத்திருப்பது கடினம். ஆனால் உள்ளிருக்கும் மாவுச்சத்து இறுக இன்னும் நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வெட்டினால் கத்தியில் களி போல ஒட்டிக்கொண்டு வரும், நன்றாக வெந்த பிரெட்டையே வேகவில்லை என்று நினைத்துவிடுவோம். ஆறியபின் பல் வைத்த கத்தியால் ரம்பம் போல் இழுத்து வெட்டினால் துண்டுகள் உதிராமல் வரும். இதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம், அந்தக் குளிரில் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிட வேகமாகக் கெட்டிப்பட்டுவிடும். இரண்டு நாளுக்குள் தீராது என்று தெரிந்தால், வெட்டிய துண்டுகளைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது உருக விடாமல் நேராக டோஸ்டரில் போட்டு எடுக்கலாம்.