வெள்ளி நானோத்துகளும் ஆண்டிபயாடிக்கும்: எங்கே தப்புக் கணக்குப் போடுகிறோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். சர்க்கரை நோய், கால் விரலில் ஆறாத புண். போன மாதம் பார்க்கப் போனேன். மேசையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை, பக்கத்திலேயே ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி. கூழ்ம வெள்ளி, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நீர். "நீதானே தம்பி சொன்னே, வெள்ளியும் ஆண்டிபயாடிக்கும் சேர்ந்தா கிருமி சீக்கிரம் சாகும்னு? அதான் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. டர்பன் ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நானோத்துகளையும் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்) ஆண்டிபயாடிக்கையும் சேர்த்துக் கிருமிமேல் சோதிப்பது என் வேலை. அதைப் பற்றிப் பொங்கலன்று பேசியதன் விளைவு அது.

ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் பிளேட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பிளேட்டில் கிருமியின் மேலேயே வெள்ளி விழுகிறது. குடித்த வெள்ளியோ வயிற்றிலுள்ள குளோரைடோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்கிறது. விரல் புண்ணுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப இடமில்லை. சில ஆண்டிபயாடிக்குகளை உடம்பு உறிஞ்சுவதையும் அது குறைக்கக்கூடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குடித்தால் தோல் சாம்பல் நீலமாக மாறக்கூடும், பிறகு பெரும்பாலும் பழைய நிறம் திரும்பாது. தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 1960களிலிருந்தே இருக்கிறது. ஆனால் அது வெளியே பூசுவது, அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அக்காவை அன்றே மருத்துவமனைக்குப் பேச வைத்தேன். மாத்திரையை முழு அளவில் எடுக்கச் சொன்னார்கள்.

சரி, வெள்ளியும் ஆண்டிபயாடிக்கும் சேர்ந்த இந்தக் கூட்டின் மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை? 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு முக்கியமான காரணம். வான்கோமைசின், குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலையின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாத மருந்து. வெள்ளி அந்தச் சவ்வைத் தளர்த்தியதும் அதுவும் வேலை செய்தது. ஆனால் அங்கே பயன்படுத்தியது நீரில் கரைந்து மின்னூட்டம் பெற்ற வெள்ளி அயனி, நானோத்துகள் அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஏராளம்.

ஆய்வுக்கூடத்துக்குள் நான் அதிகம் பார்க்கும் தவறு, "இரண்டும் சேர்ந்து கொன்றது" என்றதுமே கூட்டு வலிமை (ஒன்றின் வேலையை மற்றொன்று பெருக்குவது) என்று எழுதிவிடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிருமி வளராமல் தடுக்க, ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் தனியாக ஆண்டிபயாடிக் 16 மைக்ரோகிராமும் வெள்ளி 8 மைக்ரோகிராமும் தேவைப்படுகிறது என்று வையுங்கள். சேர்த்தபோது 4உம் 2உம் போதுமானால், 4/16 கூட்டல் 2/8, மொத்தம் 0.5. 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் கூட்டு வலிமை. 8உம் 4உம் தேவைப்பட்டால் 1. அங்கே ஒன்றுக்கொன்று பெரிதாக உதவவில்லை. குழிக்குக் குழி மருந்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் இரட்டிப்பு நீர்த்தலில் ஒரு குழி முன்னே பின்னே போவது சகஜம் என்பதால், ஒரே தடவை கிடைத்த 0.5ஐ நான் நம்புவதில்லை. மூன்று தனித்தனி நாளில் செய்து பார்க்க வேண்டும்.

அதைவிட ஏமாற்றுவது பிராத், அதாவது கிருமி வளர்க்கும் ஊட்டத் திரவம். எங்கள் நானோத்துகள் கரைசல் தெளிந்த மஞ்சள் நிறம். 400 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். அதை முல்லர் ஹிண்டன் பிராத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சில சமயம் சாம்பல் தட்டிவிடும். உப்பின் நடுவே துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன என்று பொருள். புட்டியில் 20 நானோமீட்டர் என்று எழுதியிருந்தாலும், கிருமியைத் தொடுவது அந்த அளவுள்ள துகள் அல்ல. ஆண்டிபயாடிக்கை முன்கூட்டியே துகளோடு கலந்து வைத்தாலும் இதே ஆபத்து உண்டு. பிராத்துக்குள் போன பிறகும் அளந்து பாருங்கள்.

அப்புறம், வேப்பிலைச் சாற்றிலும் துளசிச் சாற்றிலும் துகள் செய்கிறவர்கள் சாற்றை மட்டும் தனியாக வைத்துச் சோதிக்க மறந்துவிடுகிறார்கள். துகள் செய்ய எடுக்கும் வெள்ளி நைட்ரேட் உப்பையும் தனியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொன்றது துகளா, கரைந்த அயனியா, இலையா என்று எப்படித் தெரியும்? அகார் என்ற கூழ்த் தட்டில் மருந்து வட்டு வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தை அளப்பதும் போதாது. துகள் அகாரில் சரியாகப் பரவாது, சின்ன வளையம் என்றால் பலவீனம் என்று அர்த்தமில்லை.

வெள்ளிக்குக் கிருமி பழகாது என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். 1975லேயே பாஸ்டனில் தீக்காய நோயாளிகளிடமிருந்து வெள்ளியை எதிர்க்கும் சால்மொனெல்லா பதிவாயிற்று. அந்த எதிர்ப்பைச் சுமந்த பிளாஸ்மிட்டிலேயே (கிருமிகள் ஒன்றுக்கொன்று கடத்தக்கூடிய சிறு டி.என்.ஏ வளையம்) ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் எதிர்ப்பும் சேர்ந்து இருந்தது. அதாவது, வெள்ளியைக் கண்டபடி பயன்படுத்தினால் ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியையும் நாமே பொறுக்கி வளர்க்கிறோம். 2018இல் இன்னொன்று தெரியவந்தது: ஈ.கோலை, தான் நீந்த உதவும் வால் போன்ற கசையிழையின் புரதத்தை வெளியே விட்டு, நானோத்துகள்களைத் திரள வைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அதனால்தான் கூட்டு மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமியை நாங்கள் தூக்கி எறிவதில்லை. மறுபடி வளர்த்து, வெள்ளியை மட்டும் வைத்து, பழைய அளவுக்கே சாகிறதா என்று பார்க்கிறோம்.